தீர்த்தத்துக்கு நீட்டிய கை

என் மனைவியின் அண்ணன் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் லிஃப்ட் ஓட்டினார். ஏறினார், இறங்கினார். எந்த மாடியிலும் அவருக்கு வேலை இருந்ததில்லை. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, எல்லா மாடியிலும் படித்துவிட்டு வந்தவர் என்றே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் நினைத்தார்கள். அவரும் அப்படி இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

வரும்போது ஒரு கறுப்புப் பை கொண்டுவந்தார். பிரஷர் பார்க்கிற மெஷின், சீனி பார்க்கிற மெஷின், நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி, மூச்சுக்காற்று எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப். கொரோனா காலத்தில் ஊர் முழுக்க விற்ற சாமான்கள்தான். ஞாயிற்றுக்கிழமையானால் லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். 'டாக்டர்' என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்விட்டது, டாக்டர் மட்டும் மிஞ்சியது. அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை. மரியாதைதான் வாங்கினார். கொடுத்தவர்களுக்கு அது காசைவிடக் கூடச் செலவு என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. எனக்கு மெஷின்மேல் பகை கிடையாது. தேயிலை ஸ்டோரே ஒரு பெரிய மெஷின்தான், அதன் வயிற்றுக்குள் இருந்துதான் என் குடும்பம் சாப்பிடுகிறது. மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற காரணத்தால் தன்னையே மெஷினாக நினைத்துக்கொள்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

எங்கள் மாரியம்மன் கோயிலுக்கும் அவர் ஒரு மெஷின் கொடுத்தார். சுவிட்சைப் போட்டால் மேளமும் மணியும் தானாக அடிக்கும். அதுவரை தப்படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் பூசாரி கற்பூரத் தட்டைத் தூக்குவதைப் பார்த்து அடிப்பார்கள். இந்த மெஷின் தட்டையும் பார்க்காது, அம்மனையும் பார்க்காது. ஆனாலும் கல்வெட்டில் மச்சான் பெயர் இருக்கிறது.

இந்த மனுஷனிடம்தான் என் மகளின் எதிர்காலம் போய்ச் சிக்கியது.

மகள் தினமும் தெமோதரைவரை நடந்து, பஸ் பிடித்து, பதுளைப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தாள். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். லயத்திலிருந்து ஒரு மிஸ்ஸி என்று நான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். ஆனால் வருகிறோம் என்று பதில் சொல்வதற்குள் தாய்மாமனைக் கேட்க வேண்டும். அவர் வாக்கு இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. மகளுக்குக் காது குத்தியதும் அவர் மடியில் உட்கார வைத்துத்தான்.

கேட்டதும் அவர் சிரித்தார்.

"என்னா மச்சான், காலம் தெரியாம இருக்கீங்க. நர்ஸ் வேலையெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். கொழும்புல போயிப் பாருங்க. கட்டில்ல படுத்தா கட்டிலே பிரஷர் பாக்குது. மருந்து எறக்குறதுக்கு மெஷின். ரோபோ ஆப்பரேஷன் பண்ணுது. இவ போயி பெட்பான் தூக்கப் போறாளாக்கும்?"

"ரோபோ பெட்பான் தூக்காதா மாமா?" என்றாள் மகள்.

"வாயப் பாரு. இங்க பாரு புள்ள, நான் டவுன்ல ஒரு கோர்ஸ் சொல்றேன். மெடிக்கல் டெக்னாலஜி. வெள்ளக் கோட்டு, கழுத்துல கார்டு, ஏசி ரூம்பு. மெஷின் பாத்துக்கிற ஆளுகளுக்குத்தான் இனிமே காலம்."

"என்னா மெஷின் சொல்லித் தருவாங்க மாமா?"

"எல்லா மெஷினும்."

நான் பதுளைக்குப் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். போன் கடைக்கு மேலே ஒரு அறை. மெஷின் இருந்தது. சுவரில், படமாக. லுணுகலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று அந்தக் கோர்ஸை முடித்துவிட்டு பஜாரில் சேலை மடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் கார்டு தொங்கியது. துணிக்கடைக்காரர் கொடுத்த கார்டு. அந்த அறைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொடுக்கிற வேலைதான் மச்சானுக்கு என்பதும் அங்கேதான் தெரிந்தது. லிஃப்டில் ஆள் ஏற்றிய பழக்கம், விடவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி கேட்கவில்லை. "அண்ணன் வெளிய போயி வந்தவரு. அவரு சொல்றதுல ஏதாச்சும் இருக்கும்ங்க" என்றாள். அந்த மாதங்களில் அவள் அதிகம் பேசுவதும் இல்லை. கோயிலுக்குள்ளும் வருவதில்லை, வெளியே மதில் ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். கேட்டால், கொழுந்து எடுக்க மலையில் ஏறி இறங்கின களைப்பு என்பாள்.

பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மச்சான் முடிவு கேட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மனைவி மழையில் நனைந்து மலையிலிருந்து வந்தாள். கூடையை இறக்கியவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

மச்சான் பையைத் திறந்தார். அந்த மனுஷன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததை நான் பார்த்தேன், இன்றைக்கும் மறக்கவில்லை.

"கைய நீட்டும்மா."

அவள் நீட்டினாள். வலது கையை உள்ளங்கை மேலே பார்க்க, இடது கையை அதற்கு அடியில் தாங்கி. எதிரே நின்று ஒருவர் கேட்டால் எங்கள் பெண்களுக்குக் கை அப்படித்தான் வரும், தீர்த்தம் வாங்குகிற கை. கொழுந்துக் கறை ஏறின அந்த விரலில், பூசாரி மாதிரி எதிரே நின்றுகொண்டு, மச்சான் கிளிப்பை மாட்டினார்.

"ஐயோ! எண்பத்தாறு! ஆக்சிஜன் எண்பத்தாறு! ஆட்டோவக் கூப்புடுங்க!"

"அண்ணே, லேசாத்தான் மூச்சு வாங்குது..."

"பேசாத! பேசுனா இன்னும் எறங்கிரும்!"

பாதி லயம் கூடிவிட்டது. ஒருத்தி ஒப்பாரிக்கே ஆரம்பித்துவிட்டாள். நான் மனைவி நெற்றியில் திருநீறு பூசினேன். நான், மகள், அவள், மச்சான் நான்கு பேரும் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு பதுளைக்குப் போனோம். வழியில் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பேட்டரி இறங்கிவிடும் என்று மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தங்கச்சி மூச்சைவிட அவருக்குப் பேட்டரி பெரிது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் யாழ்ப்பாணப் பக்கத்து மிஸ்ஸி, நடுவயதுக்காரி.

"மிஸ்ஸி, பேஷண்டுக்கு ஆக்சிஜன் எண்பத்தாறு" என்றார் மச்சான், தானே அங்கே உத்தியோகம் பார்க்கிறவர் மாதிரி.

மிஸ்ஸி ஆஸ்பத்திரிக் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "தொண்ணூற்றெட்டு இருக்கே."

"ஒங்க மெஷின் பழசு மிஸ்ஸி."

"அப்பிடியே? உங்கட புது மெஷினைக் காட்டுங்கோ பாப்பம்."

மச்சான் பெருமையாக எடுத்தார். எதிரே போய் நின்றார். மனைவி மறுபடியும் தீர்த்தக் கையை நீட்டினாள். "பாருங்க! எண்பத்தாறு!"

மிஸ்ஸி என் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "அண்ணை, கொஞ்சம் இஞ்சால வாங்கோ. அவவுக்குப் பக்கத்தில நிண்டு பாருங்கோ."

மச்சான் சுற்றி வந்து பார்த்தார். அதே விரல், அதே மெஷின். தொண்ணூற்றெட்டு. ஒன்பதைக் கவிழ்த்தால் ஆறு என்பது முதலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எட்டைக் கவிழ்த்தாலும் எட்டுத்தான், அது முன்னால் வந்துவிடும், அவ்வளவுதான்.

"மெஷினில பிழையில்லை அண்ணை. நீங்கள் நிண்ட பக்கம்தான் பிழை."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பி சால்வையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"இங்க லைட்டு சரியில்ல" என்றார் மச்சான். அடுத்த நிமிஷமே குரல் மாறிவிட்டது. "அப்ப நார்மல்தான? தொண்ணூத்தெட்டுன்னா ஒன்னும் இல்ல. வாங்க, கெளம்புவோம்."

"பொறுங்கோ" என்றார் மிஸ்ஸி. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஈரக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒன்னுமில்லங்க மிஸ்ஸி." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

மிஸ்ஸி விரலால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மிஸ்ஸி எழுந்து திரையை இழுத்தார்.

"ஆம்பிளையள் ரெண்டு பேரும் வெளியில நில்லுங்கோ. மகள் நிக்கட்டும்."

வெளியே நின்றோம். நான் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சான் பக்கத்து பெஞ்சில் இருந்தவருக்குப் பிரஷர் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் வந்து தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். அம்மாவுக்கு மாதக்கணக்காக உதிரப்போக்கு நிற்கவே இல்லையாம். யாரிடம் சொல்வதென்று தெரியாமல், அந்த உடம்போடு விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கும் போய், மலையிலும் ஏறியிருக்கிறாள். கோயிலுக்குள் வராமல் மதில் ஓரத்தில் நின்றது அதனால்தான்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அன்றே வார்டில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். பயப்பட வேண்டாம், மருந்தில் சரியாகிற வியாதிதான் என்று டாக்டர் பிறகு சொன்னார். அப்படியென்றால் மெஷின் ஏன் தொண்ணூற்றெட்டு என்றது என்று நான் மிஸ்ஸியிடம் கேட்டேன். "இருக்கிற கொஞ்ச ரத்தத்திலயும் காத்து நிறைஞ்சுதான் இருக்கு. மெஷின் அதைத்தான் சொன்னது. ரத்தம் காணாது, குறைவா இருக்கெண்டு அது சொல்லாது" என்றார். நேராகப் பிடித்திருந்தாலும் அந்தக் கிளிப் எங்களை வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கும். ரத்தத்தை அளந்து சொன்னதும் ஒரு மெஷின்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த மெஷினிடம் போக வேண்டும் என்று சொன்னது இமையை இழுத்த அந்த விரல்.

மறுநாள் மச்சான் தோடம்பழத்தோடு வார்டுக்கு வந்தார். பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "நல்ல வேள, என் மெஷின் காட்டிக் குடுத்துச்சு. இல்லாட்டி தங்கச்சி இல்ல." இந்த வெட்கங்கெட்ட பேச்சு எங்களுக்கு முன்பே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கும் அங்கே பாதிப் பேர் நம்புவது அதைத்தான். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கோர்ஸுக்கு உடனே பேர் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

என் மனைவி அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. ஊரான் ரத்தம் உள்ளே போனதாலோ என்னவோ, அன்றைக்குப் பேசினாள்.

"அண்ணே, புருஷன்கிட்டயும் சொல்லாதத நான் அந்த மிஸ்ஸிகிட்ட சொன்னேன். கையப் புடிச்சிக் கேட்டுச்சு, சொன்னேன். ஒங்க மெஷினு கேட்டா சொல்லியிருப்பேனா? எம்மவ மிஸ்ஸியாத்தான் போவா."

"அப்ப தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு இல்லியா?"

"காதுதாண்ணே ஒங்க மடியில வச்சிக் குத்துனோம். அதுக்காக இன்னும் குத்திக்கிட்டே இருப்பீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரி இருமுகிற மாதிரி சிரித்தாள். மச்சான் தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போனார். பயிற்சிக்கு வருகிறேன் என்று மகள் அன்றே பதில் சொல்லிவிட்டாள்.

பயிற்சிக்குப் போகிற காலை அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். மனைவி மதிலைத் தாண்டி உள்ளே வந்து, கர்ப்பக்கிரகத்துக்கு நேரே நின்றாள். மச்சானும் வந்திருந்தார், தன் மேள மெஷினுக்குப் பக்கத்தில், சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பூசாரி பூசைக்கு முன்பே தீர்த்தச் சொம்போடு வந்தார். மகள் வலது கையை நீட்டி, இடது கையை அடியில் தாங்கினாள்.

"எதிர்ல நிக்கிறது பூசாரிதானான்னு பாத்துட்டு நீட்டு" என்றாள் மனைவி.

பூசாரிகூடச் சிரித்துவிட்டார். மச்சான் காதில் அது விழவில்லை. அவர் சுவிட்சைப் போட்டுவிட்டிருந்தார், கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே.