சாவி பேங்க்காரரிடம்

குன்னூர் கடைவீதியில் எங்கள் பேங்கின் பெயர்ப்பலகையை நேற்றுக் கழற்றிவிட்டார்கள். வெளியூர்ப் பெரிய பேங்க் ஒன்று அதை வாங்கிவிட்டதாம். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த தகர உண்டியலை இறக்கி ஆட்டினேன். அதே சத்தம்.

நான் சிறுவனாக இருந்தபோது அது சின்ன பேங்க். அவர்கள் கொடுத்த உண்டியல் எங்கள் வீட்டில் இருக்கும், சாவி அவர்களிடம் இருக்கும். மாதம் ஒருமுறை ராமண்ணன் என்ற பேங்க்காரர் நடுவட்டம் போகும் பஸ்ஸில் வந்து இறங்குவார். நனைந்த கம்பளிச் சட்டையின் வாடையும் சாவிக்கொத்தின் சத்தமும் அவருக்கு முன்னே வாசலுக்கு வந்துவிடும். உண்டியலைக் காதோரம் ஆட்டிக் கேட்ட பிறகுதான் திறப்பார்.

பச்சைத் தேயிலை விலை விழுந்த வருஷம், உண்டியலில் போட எங்களிடம் ஒன்றுமில்லை. அம்மா, அப்பாவின் பழைய சட்டைப் பித்தான்களை அறுத்து உள்ளே போட்டு வைத்தாள். ராமண்ணன் ஆட்டினார், திறந்தார், பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் மறுபடி பூட்டினார். "சேரட்டுமுங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள் அம்மா, திரும்பாமலே.

பின்னால் காசு சேர்ந்தபோதும், காசை மட்டும் எடுத்துக்கொண்டு பித்தான்களை விட்டுவைத்தார். அப்புறம் பேங்க் வளர்ந்தது. கண்ணாடிக் கதவு வந்தது. வீடு தேடி வருவது நின்றுபோனது.

"ஒடச்சுப் பாக்கலாம்ப்பா," என்றாள் என் மகள்.

"வேண்டாம் கண்ணு. சாவி பேங்க்காரர்கிட்ட இருக்குது. அவரு வரட்டும்."