உடனிருப்பவர் பெயர்

செஞ்சி தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ஆண்டாள் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டாள். "கோடு போட்டு வுட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. எதனா ஒரு பேரு சொல்லு" என்பாள். சாட்சிக்கு ஆளில்லாமல் வருகிறவர்களுக்குப் பக்கத்து டீக்கடை மங்கை இருந்தாள். பத்து வருஷமாக, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் ஆண்டாள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

ஆண்டாளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. நைனாவும் அம்மாவும் போனபின் வீட்டில் அவள் மட்டும்தான். இரண்டு வருஷமாக மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரம் நிற்காமல் போயிற்று. நாற்காலியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் மடித்த துண்டு. கட்டுவதெல்லாம் கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமும். எழுந்து போகும்போது ஒரு ஃபைலைப் பின்னால் பிடித்துக்கொள்வாள்.

விழுப்புரத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "புற்றுநோய் இல்லம்மா. கர்ப்பப்பைத் தசையில வளர்ற சாதாக் கட்டி, எட்டு சென்டிமீட்டர். ஆனா ரத்த அளவு ஆறுதான் இருக்கு, பன்னெண்டு இருக்கணும். இத வெச்சிக்கினு ஆபரேஷன் பண்ண முடியாது" என்றார். மாதம் ஒரு ஊசி, மூன்று மாதம். தீட்டு நிற்கும், கட்டி சுருங்கும், இரும்புச்சத்து மாத்திரையில் ரத்தம் ஏறும். "அப்புறம் எடுத்துடலாம். ஏழு நாள் வார்டுல இருக்கணும். கூட ஒரு பொம்பள வேணும், ஆம்பளைங்கள உள்ள வுடமாட்டாங்க. உங்ககூட யாரு வந்திருக்காங்க?"

"வெளிய நிக்கிறாங்க" என்றாள் ஆண்டாள். வெளியே அவளுடைய செருப்புதான் கிடந்தது.

திரும்பும்போது பஸ்ஸிலேயே அவள் கணக்குப் போட்டாள். சுருங்குகிற கட்டி சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போய்விட்டால், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

திருப்பூரில் பெண்டாட்டியோடு ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி சிவசங்கருக்குப் போன் போட்டுச் சொன்னாள். "ஊசியிலயே சரியாயிடும் இல்லக்கா? மோனிகாவுக்கு கம்பெனில லீவே தர்றதில்ல" என்றான். அவன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

"ஆயிடும்டா" என்றாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு தீட்டு நின்றது. அதற்குப் பதிலாக உடம்புக்குள் திடீர் திடீரென்று அனல் கிளம்பியது. எழுதிக்கொண்டிருந்த மனுவில் வியர்வை சொட்டி மை கரைந்தது.

"இன்னாக்கா, கோட்ட மலப் பாறைய முழுங்கிட்டியா? ஆவி பறக்குது" என்றாள் மங்கை.

"உன் டீயக் குடிச்சதுக்குத்தான்டி."

"அதுல தூளே கெடயாது, எங்கேந்து சூடு ஏறும்?"

ஒருநாள் சந்தன நிறப் புடவை கட்டி வந்தபோது, "மாப்ள எந்த ஊருக்கா?" என்று மங்கை கேட்டாள். ஆண்டாள் சிரித்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். மங்கையிடம் சொன்னால் மறுநாள் ஆபீஸ் பியூன்கூட விசாரிப்பான். அந்த அமாவாசைக்கு, தீட்டுத் தேதி எண்ணாமல் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினாள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபோது அங்காளம்மனிடம் ஒன்றுதான் கேட்டாள். கட்டி முழுசாகப் போகணும்.

மூன்றாவது ஊசி முடிந்து மறுபடி ஸ்கேன். "கட்டி அஞ்சரைக்கு வந்திருக்கு. ரத்தமும் பத்தரை. தாராளமா ஆபரேஷன் பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா.

"இன்னும் நாலு ஊசி போட்டா மீதியும் போயிடாதா?"

"போவாதும்மா. நிறுத்தினா மறுபடி வளரும். நிறுத்தாம போட்டா எலும்பு தேஞ்சிடும். ஆபரேஷனுக்கு உடம்பத் தயார் பண்ணத்தான் இந்த ஊசி."

கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினாள். உடனிருப்பவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

மறுநாள் காலை அந்தக் கட்டத்தில் மங்கையின் பெயரை எழுதி, மூன்று பட்டா மனுக்களுக்கு நடுவில் வைத்து நீட்டினாள். மங்கை நான்கிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாலைக் கிண்டப் போனாள். ஆண்டாள் தன் நாற்காலிவரை வந்தாள். உட்கார முடியவில்லை. திரும்பிப் போனாள்.

"மங்க, இதப் படி."

"நான் எதப் படிச்சி போட்டிருக்கறேன்?"

"இதப் படி."

மங்கை உதடு அசைத்துப் படித்தாள். அடுப்பை அணைத்தாள்.

"மூணு மாசமா பக்கத்துல குந்திக்கினு ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

"சொன்னா நீ ஊருக்கெல்லாம் சொல்லுவ."

"சொல்லுவேன்தான்." மறுபடி படிவத்தைப் பார்த்தாள். "ஏழு நாளா? கடைய யாரு பாக்கறது? மூணு நாளு வரேன். அதுக்கு மேல ஆவாதுக்கா. வேணாம்னா கிழிச்சிடு."

"மூணு நாளு போதும்" என்றாள் ஆண்டாள். போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நாற்காலிக்கு வந்து, உறவு என்ற கட்டத்தில் 'பக்கத்துக் கடை' என்று எழுதினாள். மீதி நாலு நாளைக்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை. மனு எழுத வந்த ஒருவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, போனை எடுத்தாள்.

"சிவா, ஊசியில போவல. மோனிகாகிட்டக் குடு, நானே பேசறேன்."

அங்கே தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஆண்டாள் போனை வைக்கவில்லை.