கண்ணாடித் தொட்டியில் நாலு தூண்

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பழைய போர்வையில் சுற்றி, லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஜெயவேலு தொம்மலூர் சந்துக்குள் வந்து இறங்கினார். கையில் மூடி போட்ட ஒரு வாளி. அவர் பெண்சாதி ருக்மிணி மூடியைத் திறந்து பார்த்தாள். எலுமிச்சம்பழ நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் உள்ளேயிருந்து அவளைப் பார்த்தது.

“கொழம்புக்கு ஆவாதே இது,” என்றாள்.

“வாயக் கழுவு. இதும் பேரு மேஸ்திரி.”

ஒன்பது வருஷம் அவர் வாட்ச்மேனாக நின்ற கம்பெனியின் முன்வாசல் அறையில் இருந்த கடல்மீன் தொட்டி அது. கொரோனா வந்ததும் கம்பெனிக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். பூட்டிக் கிடந்த கட்டடத்தில் அந்த மீன்களுக்குத் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, பேச ஆளில்லாமல் அதுகளிடமே பேசிக்கொண்டு கிடந்தவர் ஜெயவேலு. ஒவ்வொன்றாய் எல்லாம் செத்து, மஞ்சள் மீன் மட்டும் நின்றது. கட்டடத்தைக் காலி செய்த அன்றைக்கு மேனேஜர் ஷ்ரேயாஸ், “நீங்களே எடுத்துட்டுப் போங்க அங்கிள், அது உங்களுக்குத்தான் பழக்கம்,” என்று கொடுத்துவிட்டார்.

அந்த மீன் பொழுது விடிந்தால் கல் கல்லாகப் போய் மோந்து பார்த்துவிட்டு வரும். தங்கவயலில் சுரங்கத்துக்குள் ஒரு மேஸ்திரி இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருவாராம். அதனால் அந்தப் பெயர். ஜெயவேலு பத்தொன்பது வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடியபோது நாற்பத்து மூன்று. பிறகு ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து காவல் வேலை. ருக்மிணிக்கு ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல். ஒரே மகள் ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். அறை ஒன்று, அடுப்படி ஒன்று, நடுவில் இந்தத் தொட்டி.

சுரங்கம் அவருக்கு விட்டுவைத்தது நெஞ்சில் தூசி. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புகை படிந்த சமையலறைச் சுவர் மாதிரி இருந்தது என்று ருக்மிணி மகளிடம் போனில் சொன்னாள்.

அந்தத் தொட்டிக்குள் பாசி வந்த கதை வேறு. சிவாஜிநகர்ப் பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த உதயா, ஒரு நாள் ஒரு பிடி கடல்பாசியைக் கவரில் போட்டுக் கொடுத்தான். தண்ணீரின் அழுக்கை இழுத்துக்கொள்ளும், மீனும் தின்னும் என்றான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மணலின்மேல் பச்சைக் கொடி ஓடும். கொடிக்கு மேலே சின்னச் சின்னக் கோழியிறகு போலத் தழை நிற்கும். மேஸ்திரி ஒரு கடி கடித்துத் துப்பியது. அதோடு சரி. மூன்று மாதத்தில் மணல் தெரியவில்லை, கல் தெரியவில்லை. அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் எல்லாருக்கும் டேங்கர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் என்ன இருந்ததோ, கடல்மீனுக்காக அதில் உப்பைக் கலக்கி ஊற்றப்போக, உரம் போட்டது மாதிரி பாசி கிளம்பிவிட்டது.

ருக்மிணி கீரை ஆய்கிற கையோடு போய்த் தழைகளைக் கிள்ளினாள். கிள்ளிய துணுக்குகள் தண்ணீரில் மிதந்து போய், போன இடத்திலெல்லாம் வேர்விட்டன. பிடுங்கியதைக் கொண்டுபோய் ரோஜாத் தொட்டியில் எருவாகப் போட்டாள். உப்பு ஏறி ரோஜா கருகிவிட்டது.

“ஒரே வாரத்துல ரெண்டு தோட்டத்தைக் கெடுத்துட்ட,” என்றார் ஜெயவேலு.

“இதைத் தோட்டம்னு யாரு சொன்னது? சனியன்.”

“கிள்ளாத. உருவு. கொடியோட அடியப் புடிச்சி மெதுவா உருவணும். அறுந்தா அதுல இருந்து பாலு வரும், மீனுக்கு ஆவாது.”

மூச்சு வாங்குகிறது, வாளி தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது. ஞாயிறு தோறும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல, அவள் முழங்கை வரை நனைந்து உருவுவாள். உருவியதை முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்து, காய்ந்தபிறகு குப்பையில் போடுவாள். இதெல்லாம் சரி. ஒரே ஒரு விஷயத்தில்தான் வாராவாரம் சண்டை.

மூலைக்கு ஒரு கொத்தாக நான்கு கொத்து பாசியை அவர் தொடவே விடமாட்டார்.

“தூண் விடணும்மே.”

“இது இன்னா வீடா, தூண் விடறதுக்கு? நாலு கொத்துல இருந்துதான் மறுபடி ஓடி வருது. மொத்தமா எடுத்துட்டா ஒரு ஞாயித்துக்கெழமையோட முடிஞ்சுது.”

“முடியாது. தூணு நிக்கட்டும்.”

அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள். ஏனென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். சுரங்கத்தில் தோண்டிக்கொண்டே போகும்போது நடுநடுவே பாறையைத் தொடாமல் தூணாக விட்டுவைப்பார்கள். மேலே இருக்கிற மலையை அதுதான் தாங்கும். ஜெயவேலுவின் அண்ணன் அப்பாதுரை இறங்கிய இடத்தில் ஒரு தூண் மெலிந்துபோயிருந்தது. கல் வெடித்து இறங்கிவிட்டது. மேலே கொண்டுவந்தபோது பூட்ஸைப் பார்த்து ‘எங்க அண்ணன்தான்’ என்று அடையாளம் சொன்னவர் இருபத்து நாலு வயது ஜெயவேலு. அதற்குப்பிறகு எதையும் அவர் முழுசாகத் துடைத்து எடுத்தது கிடையாது. சோற்றுப்பானையில்கூட ஒரு கரண்டி விட்டுவைப்பார்.

ஆடி மாதக் குளிரில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் வைத்தார்கள். ருக்மிணி கூடவே கிடந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஓட்டமாக வீட்டுக்கு வந்து குளித்து, மீனுக்கு ரெண்டு சிட்டிகை தீனி போட்டுவிட்டு ஓடுவாள். ஆள் இல்லாத வீட்டில் லைட் எதற்கு என்று, காற்று மோட்டாரைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனாள். தொட்டியை நின்று பார்க்க அவளுக்குப் பொழுதில்லை.

பத்தாம் நாள் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. முதல் பேச்சே, “பாசி எடுத்தியா?”

“எங்க எடுத்தேன்?”

“பத்து நாளா?” தலையணையிலிருந்து எழப் பார்த்தார். “போமே. இப்பவே போ. நான் வரும்போது மேஸ்திரி இருக்கணும். தூண் மட்டும் விட்டுடு.”

வந்து லைட்டைப் போட்டுப் பார்த்தாள். தொட்டி முழுக்கப் பாசி. தழைகளின் நுனி பச்சை போய், கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. மேஸ்திரி மேல்தட்டில் ஒரு சாண் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. உதயாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, லைட்ட அணைச்சி வெச்சிருந்தீங்களா?”

“ஆமாப்பா.”

“வெளுத்துடுச்சின்னா அது சாவறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை எல்லாம் தண்ணில கக்கிடும். பால் மாதிரி ஆயிடும். மீனுக்கு மூச்சு கெடைக்காது. ஒரு தழை விடாம இப்பவே எடுத்துடுங்க.”

மத்தியானம் முழுக்க நின்று உருவினாள். இடுப்பு விட்டுப்போனது. நான்கு மூலையிலும் நான்கு கொத்து மிஞ்சியது. முதல் கொத்தின் அடியைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். இத்தனை வாரம் மல்லுக்கு நின்று கேட்டவள், அவர் இல்லாத நேரத்தில் அதைச் செய்யக் கை வரவில்லை. தூணை எடுத்த அன்றைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, லைட்டை எரியவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் நாற்றம். தொட்டியில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கையை விட்டுத் துழாவினாள். மேஸ்திரி ஒரு கல்லின் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது.

அதைத் துணியில் சுற்றி, கருகிப்போன ரோஜாவின் தொட்டியில் புதைத்தாள். ‘நல்லாருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

“தூண் விட்டியா?”

“நாலும் விட்டேன்.”

“மேஸ்திரி?”

அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை. “போயிடுச்சுங்க.”

அவர் மூக்குக் குழாயை விரலால் நேராக்கிக்கொண்டார்.

“உதயா இன்னா சொன்னான்?”

“ஒண்ணு விடாம எடுக்கச் சொன்னான்.”

“அப்ப நான்தான்.”

“நீங்க இல்ல. லைட்ட அணைச்சது நானு.”

“தூண் விடச் சொன்னது நான்மே.”

“பத்து நாளா கை வைக்காதது யாரு? நான்தானே?”

பக்கத்துக் கட்டில்காரர், “இன்னா பெருசு, சொத்துத் தகராறா?” என்றார். ஜெயவேலு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி அதைக் கழற்றவே முடியாது என்று டாக்டர் ருக்மிணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கட்டில் தொட்டிக்கு நேராகக் கிடந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது. கல்லும் மணலும் வெறுமையாகக் கிடக்க, நான்கு மூலையிலும் கொடியின் அடியிலிருந்து புதுப் பச்சை கிளம்பியிருந்தது.

ரெண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில், “எடுத்துடு,” என்றார்.

“எதை?”

“நாலையும்.”

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையை விட்டாள். ஒன்று வந்தது. ரெண்டு. மூன்று. நான்காவதைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தை ரெண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். தோளைக் குறுக்கி, கண்ணை மூடி, தலைமேல் ஏதோ விழப்போகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

“எடுக்கறேன்.”

“ம்.”

கொடி வேரோடு வந்தது.

“ஆச்சுங்க.”

அவர் கண்ணைத் திறந்து முதலில் மேலே கூரையைப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இருந்தது. இரும்பிலிருந்து விரல்கள் விடுபட நேரமாயிற்று. ருக்மிணி ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தண்ணியக் கொட்டிடட்டுமா?”

“வேணாம்,” என்றார். “காத்து மோட்டாரு ஓடட்டும்.”