தட்டையாகத் தெரிந்த ரயில் பாதை

கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்று மூன்று வரி. கையெழுத்து மட்டும் பாக்கி. நகரத்தில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியிலுள்ள ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடங்களாக நோயாளிகளைக் கட்டிலோடு எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போய், திரும்பவும் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறவன் நான்.

"கையெழுத்தைப் போடுங்கோ, உழைச்சது காணும்," என்றாள் மனைவி.

"எனக்கென்ன குறை?" என்றேன்.

அதைப் பார்த்துவிடத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வடக்கே போனோம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் பாதையாக்கிய பழைய ரயில் வழி அது. இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த பழைய ஸ்டேஷன்வரை இறங்காமல் மிதித்தால் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பேச்சு.

மனைவிக்கு முழங்கால் வலி. வாடகைக் கடைக்காரர் அவளுக்கு மோட்டார் வைத்த சைக்கிள் கொடுத்தார். எனக்கும் ஒன்றைக் காட்டினார். நான் பார்த்த பார்வையில் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டார்.

முதல் பத்து நிமிடம் விசிலடித்தேன். பிறகு விசிலுக்குக் காற்றுப் போதவில்லை. பாதை மேசைபோலக் கிடந்தது. கால்களோ ஈரச் சாக்கை இழுத்தன. இறங்காமலே காலூன்றி நின்று டயரை அமுக்கிப் பார்த்தேன். பிரேக் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. மிச்சம் நான்தான்.

"இஞ்சேருங்கோ, தட்டை றோட்டில ஏன் இப்பிடி இளைக்கிறியள்?"

"இளைக்கேல்லை. இயற்கையை ரசிக்கிறன்."

"வாயைத் திறந்துகொண்டோ?"

பிள்ளையைப் பின்வண்டியில் இழுத்துக்கொண்டு ஒரு பெண் 'போன்ஜூர்' சொல்லி எங்களை முந்திப் போனாள். பதில் சொல்ல மூச்சில்லை. அந்தப் பிள்ளைக்குக் கையைக் காட்டினேன்.

ஸ்டேஷனுக்கு நாலு கிலோமீட்டர் இருக்க இறங்கிவிட்டேன். முடிந்தது என் கதை. வெறுப்பில் தண்ணீர்ப் போத்தலை நிலத்தில் போட்டேன். அது உருண்டது. நாங்கள் வந்த பக்கமாக, அவசரமே இல்லாமல், நிற்காமல் உருண்டுகொண்டே போனது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"இஞ்சை, இது ஏத்தமெல்லே!" என்றாள்.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே ஒரு மலையைக் கண்ணுக்குத் தெரியாதபடி இவ்வளவு தூரத்துக்கும் பரப்பி வைத்திருக்கிறார்கள். நான் சைக்கிள் பழகிய யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான். எனக்கு எங்கே தெரியப்போகிறது? அவளுக்கோ மோட்டார் இழுத்ததில் ஏற்றம் தெரியவே இல்லை.

"அப்ப நான் கிழவனில்லை," என்றேன்.

"ஓம், ஓம். தெரியாமல் சொல்லிப்போட்டன். கடிதத்தைக் கிழியுங்கோ."

கிழிக்கவும் தெம்பில்லை. திரும்பினோம். சைக்கிள் தானே ஓடியது. மரங்கள் போயின, பாலம் ஒன்று போனது, என் கால்கள் மட்டும் சும்மா இருந்தன. இத்தனை வருடத்தில் அவை பகல்வேளையில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. வெட்கமே இல்லாமல் அது எனக்குப் பிடித்துப்போனது.

கடையில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டுப் பேனை கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றாள் மனைவி.

"கையெழுத்துப் போட."

"விசரே உங்களுக்கு? இப்பதானே பறந்து வந்தனியள்!"

"திரும்பி வரேக்கை ஒருக்காக்கூட மிதிக்கேல்லையப்பா," என்றேன். "அதுதான் போடுறன்."