மூன்றாவது புகைபோக்கி

கோசிமாவுக்குக் கப்பல் என்றாலே ஆகாது. இத்தாலியின் தரந்தோத் துறைமுகத்தில் பிறந்து, கடற்படை போடும் சோற்றைத் தின்றுகொண்டு, கப்பலைத் திட்டினால் நடக்குமா? அவளுக்கு நடந்தது. கட்டியவன் எஜிதியோ, தம்புரீனோ என்ற நாசகாரிக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அந்தக் கப்பலுக்குத்தான் அவள் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த வகைக் கப்பல்கள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒல்லி உடம்பு, மூன்று புகைபோக்கி. முகப்பில் எழுதிய எழுத்தை வைத்துத்தான் எது எதுவென்று சொல்ல முடியும். கோசிமாவுக்கு எழுத்து தெரியாது. அவளுக்குப் புகை போதும்.

எங்கள் ஊரை இரண்டாக வெட்டி ஓடும் கால்வாயில் பாலம் திறந்தால், கப்பல்கள் கரையை உரசாத குறையாக உள்கடலுக்குள் நுழையும். பெண்டுகள் கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மேல்தளத்தில் நிற்கும் ஆண்கள் தொப்பியை ஆட்டுவார்கள். கரி அள்ளுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அந்த நேரத்திலும் அவன் கீழே அடுப்பு வாயில் வெந்துகொண்டிருப்பான்.

எஜிதியோ அதற்கொரு வழி கண்டான். பாலத்தடியில் சங்கு ஊதியதும், நனைந்த கரித்தூளை ஒரு வாரு வாரிக் கடைசி அடுப்பில் வீசுவான். மூன்றாவது புகைபோக்கியிலிருந்து குபுக்கென்று ஒரு கறுப்பு உருண்டை எழும். துறைமுகத்துக்குள் கரும்புகை விடுவது குற்றம். பிடிபட்டான், விடுமுறையை வெட்டினார்கள், அப்படியும் விடவில்லை.

"ஏண்டி, அது உம் புருஷன் புகைதானா? இல்ல கேப்டன் சுருட்டுப் பிடிக்கிறாரா?" என்று பக்கத்து வீட்டு நுன்சியா சீண்டுவாள்.

"எம் புருஷன் புகைய எனக்குத் தெரியாதா? போடி" என்பாள் கோசிமா. முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

முதல் உலகப் போரின் இரண்டாவது குளிர்காலம். தம்புரீனோ கடலுக்கு அக்கரையில் இருக்கும் வலோனாவுக்குத் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போயிருந்தது. அதில் நீராவிக் குழாய் வெடித்து ஒருவன் வெந்து செத்தான் என்று மீன் சந்தையில் பேச்சு. யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோசிமா அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

கப்பல் திரும்பும் நாளில் எல்லாருக்கும் முந்திப் போய்க் கரையில் நின்றாள். அவள் கேட்டதெல்லாம் ஒரு வாய்ப் புகை. சங்கு ஊதியது. முதல் புகைபோக்கி கடந்தது, இரண்டாவது கடந்தது. மூன்றாவதிலிருந்து குபுக்கென்று எழுந்தது.

கோசிமா சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள், பாவி மகள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டை அவிழ்த்து ஆட்டினாள். வழியெல்லாம் கண்டவரிடம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடி, மட்டியும் உருளைக்கிழங்கும் அரிசியும் அடுக்கி அடுப்பில் வைத்தாள். அவனுக்கு அது என்றால் உயிர்.

பொழுது சாயும் நேரத்தில் வந்து நின்றவர் ஒரோன்சோ. எஜிதியோவோடு அதே அடுப்பில் கரி அள்ளுகிற பக்கத்து லெச்சே ஊர்க்காரர், வயதில் மூத்தவர். தொப்பி கையில் இருந்தது. கோசிமா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவர் எங்கண்ணே?"

ஒரோன்சோ சொல்லி முடித்தார். வலோனாவிலேயே புதைத்துவிட்டார்களாம். காலையில் அதிகாரி வந்து முறைப்படி சொல்வாராம்.

"அப்ப அந்தப் புகை?"

"நான்தாம்மா போட்டேன். நீ நிக்கிறேன்னு தெரியும். புகை வரலேன்னா அங்கேயே, அத்தனை பேர் முன்னால விழுந்துடுவியேன்னு... யோசிக்கல தாயி. கை போட்டுடுச்சு."



"ஊரே பார்க்கச் சிரிச்சேனே அண்ணே."

நல்லது நினைத்துச் செய்தவனைத் திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. இதைச் சொல்லும் எனக்கே இன்றுவரை முடியவில்லை.

கோசிமா அவனுக்கென்று எடுத்து வைத்த தட்டை அவர் முன்னால் தள்ளினாள். "உக்காருங்க. ஆறிப் போகுது." அவர் அழுதுகொண்டே தின்றார். வாசலில் அவர் விடைபெறும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்: "இனிமே அதைப் போடாதீங்க."

அதிகாரி வந்து போனார், மாதா கோயிலில் பூசை நடந்தது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நுன்சியாவும்தான் சொன்னாள்.

தம்புரீனோ மறுபடி பாலம் கடந்த நாளில் கோசிமா போய் அதே இடத்தில் நின்றாள். சங்கு ஊதியது. ஒரோன்சோ அவள் சொல்லைத் தட்டவில்லை. மூன்றாவது புகைபோக்கி சுத்தமாகக் கடந்து போனது. அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்து, அவன் பேரைச் சொல்லி அழுதாள்.