இரண்டு ஊர் பங்கு போட்ட பாலம்

டி.வி. செய்தியில் பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து பணம் போட்டு எல்லையில் பாலம் கட்டப்போவதாகச் சொன்னால், கோட் போட்டவர்கள் கைகுலுக்குவதைக் காட்டுவார்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும். ஜல்லிக்கு யார் காவல்?

நான் அந்தக் காவலில் உட்கார்ந்தவன். எங்கள் ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், குருவிநத்தத்தைத் தாண்டி இருக்கிறது. கரும்புக் கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால்தான் எல்லை. இந்தாண்டை புதுச்சேரி, அந்தாண்டை தமிழ்நாடு. இரண்டு பக்கமும் ஒரே கரும்பு, ஒரே நெல், ஒரே கொசு. முதலமைச்சர் மட்டும் வேறு வேறு. வாய்க்கால் மேல் இருந்த சின்னப் பாலம் ஒரு மழையில் நடுவில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஆபீசில் கேட்டால், "பாதி அவங்களுதுப்பா" என்றார்கள். அவர்கள் ஆபீசிலும் அதே பதில். யாருக்கும் சொந்தமில்லாத பாலம் என்று தெரிந்ததும், இரண்டு ஊரும் பங்கு போட்டுத் தாங்களே கட்டிக்கொள்வது என்று முடிவானது.

ஆசையால் இல்லை, வேறு வழி இல்லாததால். ஆலை அந்தப் பக்கம் இருக்கிறது. பாலம் இல்லாமல் எங்கள் கரும்பு போகாது. அவர்களில் பலருக்கு நிலம் இந்தப் பக்கம். பாலம் இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வரவேண்டும். எல்லோரையும்விட அவசரம் என் அப்பாவுக்கு. இருந்த நிலம் முழுவதும் கரும்பு, அது பூ எடுக்கத் தொடங்கிவிட்டது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து, வெட்டி, ஆலைக்குப் போகாமல் கிடந்தால் காய்ந்து எடை போய்விடும். அந்த வருஷ சாப்பாடே அதுதான்.

பங்கு இப்படி: சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எங்களுடையது. ஜல்லி, மணல், சென்ட்ரிங் பலகை அவர்களுடையது. அவர்கள் ஜல்லியைக் குறைப்பார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம். நாங்கள் சிமெண்டைக் குறைப்போம் என்று அவர்களுக்கு. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். எங்கள் சிமெண்ட் மூட்டைகள் அவர்கள் பக்கத்துக் கொட்டகையில், அவர்கள் ஜல்லி எங்கள் கரையில். ஒருத்தன் பொருள் இன்னொருத்தன் பிடியில். அதற்கு மேல் ஊருக்கு ஒரு காவல் ஆள்.

எங்கள் ஊருக்கு நான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்து, சூப்பர்வைசரைக் கிண்டல் பண்ணி வேலை போய் வீட்டில் கிடந்தேன். "இவன ஏமாத்தறதுக்கு இன்னொருத்தன் பொறந்து வரணும்" என்று என்னைப் போட்டார்கள். பாராட்டா திட்டா என்று இன்னும் தெரியவில்லை.

அவர்கள் ஊருக்கு ஒரு அக்கா. மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். நிலம் எங்கள் பக்கம் இருந்ததால் தினமும் புல்லுக்கட்டோடு வாய்க்காலில் இறங்கி ஏறுகிறவர். கண் கழுகுக் கண். வாய் அதைவிடக் கூர்.

முதல் நாளே, "இன்னாடா தம்பி, நீதான் காவலா? உன்ன யாரு காவல் காக்கறது?" என்றார்.

"அதுக்குத்தான உங்கள அனுப்பிச்சிகீறாங்க. நல்லா பாத்துக்குங்கக்கா, நான் ஓடிப்போயிடப் போறேன்."

"ஓடுனா எனக்கின்னா? ஜல்லிய வச்சிட்டு ஓடு."

களத்தில் நெல்லைக் குவித்துச் சாணிப்பால் குறி போடுவது எங்கள் வழக்கம். ஒரு பிடி அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த அக்கா அதையே ஜல்லிக்குச் செய்தார். சுண்ணாம்பைக் கரைத்து, பொழுது சாய்கிற நேரத்தில் குவியல் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஊற்றிவிட்டுப் போவார். காலையில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காங்கிரீட் போட இருந்த நாளுக்கு முந்தின நாள் காலையில், நான் கண்ணசந்து எழுந்தபோது, குறி கலைந்திருந்தது.

குவியலின் ஒரு ஓரத்தில் கோடு அறுந்து, உள்ளே கறுப்பு ஜல்லி தெரிந்தது. சில கூடை போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் சேதி வாய்க்காலைத் தாண்டுவதற்குள் ஒரு டிராக்டர் லோடாகிவிட்டது. அந்தப் பக்கத்துக்குப் பேசுகிறவர் டீக்கடைக்காரர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க பங்க எட்த்துட்டு எங்களுக்கே பாலம் கட்றீங்களா?"

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "நீங்க கொட்டும்போதே கம்மியாத்தான கொட்னீங்க!"

என் அப்பா மட்டும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டம் சத்தம் போடும்போது மெதுவாக நகர்ந்து, எங்கள் பக்கம் பாலத்துக்கு ஏறுகிற வழியைப் பார்த்தேன். அங்கே டிராக்டர் சாய்கிற மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. இப்போது இல்லை. மேலே மண் போட்டு மூடியிருந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஜல்லி எட்டிப் பார்த்தது. அதன் முதுகில் சுண்ணாம்பு.

திரும்பினால் அக்கா நிற்கிறார். அவரும் அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் ஏறுதுல்ல தம்பி" என்றார்.

"ஆமாக்கா, ஏறுது."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. இந்த அம்மா ஏன் சொல்லவில்லை? எதற்காக வைத்திருக்கிறார்? எப்போது எடுத்து வீசுவார்? அப்பாவிடம் கேட்டேன். "பாலத்துக்குன்னு வந்த ஜல்லி, பாலத்துக்கு ஏர்ற வழிக்குத்தானடா போச்சு. வூட்டுக்கா எட்த்துட்டு வந்தேன்?" என்றார். நியாயம் மாதிரி இருந்தது. ஆனால் நிரவியது எங்கள் பக்கத்துப் பள்ளத்தை மட்டும். அவர்கள் பக்கத்துப் பள்ளம் அப்படியே வாய் பிளந்து கிடந்தது.

ஒரு வழியாகச் சண்டை ஓய்ந்து காங்கிரீட் போட்டார்கள். மிக்ஸருக்குள் விழுந்த ஒவ்வொரு சட்டியையும் நானும் அக்காவும் எதிரெதிரே நின்று பார்த்தோம். நான் கண் சிமிட்டினால் அவர் முறைப்பார். அவர் தும்மினால் நான் சிமெண்ட் மூட்டையைப் பார்ப்பேன். கலவையில் ஒரு குறையும் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

தண்ணீர் ஊற்றி, சாக்கு போட்டு, நாள் கணக்காக ஆறவிட்டுப் பலகையைப் பிரித்தார்கள். அப்பாவுக்குக் கட்டிங் ஆர்டர் வந்தது. வெட்டினோம். டிராக்டரில் ஏற்றினோம். டிரைவர் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கீழே குதித்துவிட்டான்.

"ஒரு லோடு ஜல்லி காணாம போச்சாமே. உள்ள இன்னா போட்டு ரொப்பினாங்களோ! நான் ஏத்தமாட்டேன். வண்டி போனா ஓனருக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டு ஊரும் இரண்டு கரையில் கூடிவிட்டது. பாலத்தின் மேல் ஒரு ஈ, காக்காய் இல்லை. அவரவர் பங்கின் மேல் அவரவருக்கு நம்பிக்கை இருந்தது. மற்றவர் பங்கின் மேல் இல்லை. வெட்டின கரும்பு வெயிலில் கிடந்தது. இன்னொரு வண்டிக்கு அலைந்தாலும் இதே பேச்சுதான்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்தின் தலைப்பில் போய் நின்றார்.

"லோடுலாம் போவல. நாலு கூடை. நான்தான் எட்த்தேன். வழி பள்ளமா கெடந்தது, ரொப்பிட்டேன். பாலத்துல ஒரு கொறையும் இல்ல."

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அக்கரையில் டீக்கடைக்காரர் சிரித்தார்.

"கரும்பு காயுதுல்ல, அதான் திருட்டுப் பட்டம்கூட பரவால்லன்னு பொய் சொல்றாரு. எவனாச்சும் தானா வந்து நான் திருடன்னு சொல்லுவானா?"

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது. என் அப்பா வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தப்பை ஊரறிய ஒப்புக்கொண்டார். அதையும் நம்பவில்லை.

அப்போது அந்த அக்கா புல் அறுக்கும் கத்தியோடு பாலத்தின் மேல் ஏறினார். நேராக நடந்து எங்கள் பக்கம் வந்து, பள்ளம் இருந்த இடத்தில் குந்தி, கத்தியால் மண்ணைக் கிளறினார். வெள்ளை முதுகு ஜல்லிகளை மடியில் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் ஊர்க்காரர் காலடியில் கொட்டினார்.

"நான் ஊத்துன சுண்ணாம்பு எனக்குத் தெரியாதா? நாலு கூடைதான். கலவை போடும்போது நான் நின்னு பாத்தேன். போதுமா?"

டீக்கடைக்காரர் கல்லைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சிம் ஏன் சொல்லல? அவங்ககிட்ட இன்னா வாங்குன?"

"சொல்லியிருந்தா வேல நின்னுருக்கும். தண்ணியில புல்லுக்கட்டு தூக்கறது நீயா, நானா?"

டீக்கடைக்காரர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்வாங்கினார். ஆனால் அன்றைக்கே அக்காவைக் காவலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கச் சுவர் கட்ட இன்னும் வேலை பாக்கி இருந்தது. அதற்கு வேறு ஆள் போட்டார்கள். அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். எங்கள் ஊரில் என்னையும் எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

அக்கா கல்லைக் கொட்டிக் காட்டியும் டிரைவருக்கு அரை மனசுதான் வந்தது. "அப்ப நீ முன்னாடி நட பெரியவரே, நான் பின்னாடி வர்றேன்" என்றான். அப்பா நடந்தார். டிராக்டர் உறுமிக்கொண்டு, கட்டை வண்டியைவிட மெதுவாக அவர் பின்னால் ஊர்ந்தது. இரண்டு கரையிலும் எல்லோரும் குனிந்து பாலத்தின் அடிவயிற்றைப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. சிலர் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

அந்தாண்டை இறங்கினதும் டிராக்டர் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கி, இரண்டு கட்டு கரும்பு கீழே விழுந்தது. அவர்கள் பக்கத்துப் பள்ளம். அப்பா கரும்பை எடுக்கவில்லை. பள்ளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் போனார்.

"இங்கியும் ரொப்பிடறேம்மா. எங்கூட்ல ஒடஞ்ச செங்கல் கெடக்குது. கூடை ஒண்ணு இருந்தா குடு."

அக்கா கரையில் இறக்கி வைத்திருந்த புல்லுக்கூடையைக் கவிழ்த்துக் காலி பண்ணி நீட்டினார். அப்பா பிடித்த பிறகும் அவர் உடனே கையை விடவில்லை.

"கூடை எங்க பக்கத்துது. திரும்பி வரணும், அண்ணா."