மழை வரட்டும் என்று சொன்ன நாள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தோம். என் கணவருக்குத் தோள்பட்டை கெட்டு, வலை இழுக்க முடியாமல் போய்விட்டது. படகையும் வலைகளையும் விற்றோம். அந்தப் பணத்தில் பொன்னேரி பக்கம் ஒரு வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம். அது தவறிப்போனால் மறுபடி சேர்க்க எங்களுக்கு வயதும் இல்லை, வழியும் இல்லை.

எங்கள் குப்பத்தில் யாரும் வீடு வாங்கியதில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் ஊர்ப் பெரியவர்கள் ஓர் இடத்தைக் காட்டுவார்கள், அதில் கட்டிக்கொள்வான். பத்திரம், பட்டா எல்லாம் எங்களுக்குப் புதிது. அதனால் எங்கள் பயம் முழுவதும் காகிதத்தின் மேலேயே இருந்தது. தரகர் ஒருவர் சொன்ன வீட்டின் காகிதங்களைப் பத்திரம் எழுதுபவரிடம் இரண்டு முறை காட்டினோம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சுத்தம் என்றார். காகிதம் சரி என்றால் வீடும் சரி என்று நம்பிவிட்டோம்.

முன்பணம் கொடுக்கப் போன அன்றுதான் நான் அந்த வீட்டை முதல்முறையாகப் பார்த்தேன். இரண்டு அறை, மொட்டை மாடி, புதிதாய் அடித்த பச்சை பெயிண்ட். கணவரும் அவருடைய அண்ணனும் தரகரோடு கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஆண்கள் பேசும் இடத்தில் நிற்க எனக்குக் கூச்சம். கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அங்கே மதில் ஓரமாக உமிரி முளைத்திருந்தது. உப்புத் தண்ணீர் வந்து நின்று காய்கிற மண்ணில் வரும் செடி அது; எங்கள் ஏரிக்கரையில் எங்கே பார்த்தாலும் இருக்கும். குனிந்து மண்ணைக் கையால் கிளறினேன். மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே கறுப்புச் சேறும் உடைந்த சிப்பி ஓடுகளும். நான் பதினாறு வயதிலிருந்து ஏரியில் இறங்கி, சேற்றைத் தடவி இறால் பிடித்தவள். அந்த வாடையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரைப் பார்த்தேன். அடியில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு உப்பு பொரிந்திருந்தது.

சேற்றுக் கையோடு கூடத்து வாசலுக்கு வந்தேன். கணவர் பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொன்னேன் என்றே தெரியவில்லை.

“பணத்த உள்ள வைய்யா. இது தண்ணி நிக்கிற எடம்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தரகர் சிரித்தார். “இன்னாம்மா, பொழுதுக்கும் ஏரியில இடுப்பளவு நிக்கிறவங்க நீங்க. உங்களுக்கே தண்ணின்னா பயமா?”

கணவரின் அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். படித்தவர் பார்த்துச் சரி என்று சொன்னதை, நீ சேற்றைப் பார்த்து இல்லை என்கிறாயா என்று கேட்டார். ஆனாலும் நகராமல், தரகரைப் பார்த்துச் சொன்னேன்.

“ஏரியில நின்னா சாயங்காலம் கரையேறிடலாம்ணா. ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா எங்க ஏர்றது? மழ வரட்டும். ஐப்பசியில வந்து பாத்துட்டு பணம் குடுக்கலாம்.”

வேறு ஆள் காத்திருக்கிறார், சாயங்காலத்துக்குள் வீடு போய்விடும் என்றார் தரகர். போனால் போகட்டும் என்றேன். என் கணவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த சேற்றில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்தார். பணத்தைப் பைக்குள் வைத்தார்.

அதன் பிறகு சில மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. கணவரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நல்ல வீட்டைக் கெடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் காதுபடப் பேசினார்கள். நாள் ஆக ஆக, அவசரப்பட்டுவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலையில் கணவரே கிளம்பச் சொன்னார். பேருந்தை விட்டு இறங்கி ஒரு குடைக்குள் நடந்தோம். அந்தத் தெருவில் பாதி தூரத்துக்கு மேல் போக முடியவில்லை; அங்கிருந்தே பார்த்தோம். அந்த வீட்டின் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். கதவில் பூட்டு தொங்கியது. வேறு யாரும் வாங்கிக் குடிவந்ததாகத் தெரியவில்லை.

“நீ மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா…” என்றார் கணவர்.

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் மழையில்தான் வீடு பார்த்தோம். தெருவில் எதுவரை தண்ணீர் ஏறும் என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டோம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். பிறகுதான் காகிதத்தைக் கேட்டோம். தை மாதம், ஒரு மேட்டுத் தெருவில், சிறியதாக, கொஞ்சம் பழையதாக ஒரு வீடு அமைந்தது. என் பெயரில் பதிய வேண்டும் என்று கணவர்தான் சொன்னார். பால் காய்ச்சிய அன்று அவருடைய அண்ணனும் வந்திருந்தார். வந்தவர்களிடம், “எங்க ஊட்டுப் பொம்பள தேர்ந்தெடுத்த ஊடு இது” என்று சொன்னார். சமையல்கட்டில் நின்று அதைக் கேட்டேன்.

இப்போது குப்பத்தில் யாராவது வீடு பார்க்கப் போனால் என்னையும் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். முன்பக்கத்தை அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, பின்பக்கம் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வார்த்தை சொல்வேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியும் என்று நான்கு பேர் முன்னால் சொல்ல எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் சொன்னேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் தலை தானாக நிமிர்கிறது.